பதினான்காம் அட்டையில் எழுதிய சொல்

அன்றைய நாட்குறிப்பில் இதைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. "அட்டை எண் 14-இல் தவறு நேர்ந்தது, அகற்றப்பட்டது."

அதற்கு மேலே எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறேன்: கிழமை, அலுவலகத்திலிருந்து கிளம்பிய நேரம், வீடு திரும்பிய நேரம், வெயில். கல்லூரி முடித்த ஆண்டிலிருந்து நாள் தவறாமல் எழுதி வருகிறேன். யார் செய்தார் என்று சொல்லாத வாக்கியம் எனக்குப் பிடிக்காது. அலுவலகத்தில் யாராவது "கோப்பு காணாமல் போயிற்று" என்று எழுதி அனுப்பினால், "யாரிடமிருந்து?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறவள் நான். அந்த வரியில் மட்டும் ஆள் இல்லை. தவறு தானாக நடந்து வந்து அட்டையில் உட்கார்ந்துகொண்டதுபோல எழுதியிருக்கிறேன்.

நாட்குறிப்பில் பழைய வரியை அடிப்பது என் வழக்கமில்லை. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்து போகும் தூரத்தில். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர். வேலையும் செம்பூரிலேயே. என் கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுப்போனவற்றில் ஒரு நல்ல கேமரா இருந்தது. அதோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, பென்சிலால் குறிப்பெடுத்து, படமெடுக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் பால்கனிச் செடிகள். பிறகு தெரு.

அவர் இறந்த விஷயம் தெரியாதவர்கள் முதல் ஆண்டு முழுவதும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். "அவர் இருக்காரா?" என்பார்கள். "அவர் இல்லை" என்பேன். "அடடா" என்பார்கள். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்காது. இப்படியே சொல்லிச் சொல்லி, அந்த இரண்டு சொற்களுக்கு என் காதில் வேறு பொருளே இல்லாமல் போயிற்று.

தாராவிக்குப் போகத் தொடங்கியது சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு. அங்கே ஒரு சந்தில் தமிழர் படிப்பகம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தர ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்தத் தெருவின் மகளிர் குழுவை நடத்துகிறவர் ஒரு தையல்காரர். வயது முப்பத்தைந்து இருக்கும். திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்த குடும்பம், ஆனால் அவர் பிறந்தது தாராவியில். வீட்டில் ஊர்த் தமிழ், வெளியில் இந்தி. முனிசிபாலிட்டி இந்திப் பள்ளியில் படித்ததால் தமிழ் படிக்கத் தெரியாது. முதல் நாள் நான் பேச்சுவாக்கில் "எங்காத்துல" என்று சொன்னபோது, அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்த ஆத்துலக்கா? மித்தி ஆத்துலயா?"

தாராவிக்குப் பின்னால் கறுப்பாக ஓடுகிற ஆறு அது. அங்கிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரே மொழியைப் பேசுகிறோம், ஆனாலும் ஒரு சொல் அவர்கள் காதில் வேறாக விழலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். "ஆத்துல — ஆறு — கவனிக்க" என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதி வைப்பதும் கவனிப்பதும் ஒன்றல்ல.

பொங்கலை ஒட்டி ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்தபோது படக் கண்காட்சி யோசனையைச் சொன்னது நான்தான். அந்தத் தெருவில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிற இருபத்திரண்டு பெண்களைப் படமெடுத்து, படிப்பகத்துச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிடுவது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி எழுதிய அட்டை. படமும் நான், எழுத்தும் நான். வீடு வீடாக என்னை அழைத்துப் போக வேண்டியது தையல்காரர்.

பதினான்காவதாகப் போனது நூல் வெட்டுகிற பெண்ணின் வீட்டுக்கு. தைத்து முடித்த ஜீன்ஸ் கால்சட்டைகள் மூட்டையாக வரும். மடிப்புகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். தாகா கட்டிங் என்பார்கள். வெளிச்சத்துக்காக அவர் வாசற்படியில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நீலத் துணிக் குவியல். தையல்காரர் என்னை அங்கே விட்டுவிட்டு, அடுத்த வீட்டில் தயாராக இருக்கச் சொல்லப் போனார். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: அவர் அப்போது அங்கே இல்லை.

"எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் பொட்டப் பிள்ளையக்கா. மூத்தவ பத்து, இளையவ ஏழு."

"வீட்டுக்காரர்?"

"அவிய இல்லக்கா."

தலை நிமிராமல் சொன்னார். கத்தரி நிற்கவில்லை. அவர் நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. கை இரண்டும் வெறுமையாக இருந்தன. நான் கேமராவைத் தாழ்த்தி, குனிந்து, அவர் தோளில் கை வைத்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "என்னக்கா?" என்றார்.

"ஒண்ணுமில்லை" என்றேன். இவரும் என்னைப் போல் என்று நினைத்தேன். நானாவது பொட்டு வைத்துக்கொள்கிறேன், இவரிடமிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இதமாக இருந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

கதவுக்கு மேலே பைபிள் வசனம் எழுதிய காலண்டர் தொங்கியது. நகையும் பொட்டும் வைத்துக்கொள்ளாத ஜெபக்கூட்டங்கள் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி அப்படி ஒரு கூட்டத்துக்குப் போகிறவள்; காதில் தோடுகூடப் போடமாட்டாள்; அவள் கணவர் தினமும் மாலை ஸ்கூட்டரில் வந்து அழைத்துப் போகிறார். எல்லாம் தெரிந்தும் அந்த நிமிடத்தில் ஒன்றும் உதவவில்லை. குறிப்பேட்டில் எழுதினேன்: "கணவர் இல்லை (அவர் வாய்மொழி)." பக்கத்தில் நேரமும் குறித்திருக்கிறேன்: 11.35.

மூலப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வலது ஓரத்தில், மாடி அறைக்கு ஏறும் ஏணியின் கீழே, ஆண்கள் அணியும் செருப்பு ஒரு ஜோடி தெரிகிறது. பெரிய அளவு. கொடியில் ஆண் சட்டை ஒன்றின் கை தொங்குகிறது. இடது மேல் மூலையில் வசனக் காலண்டர். கேமரா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. நான்தான் கணினியில் போட்டு, படம் கலைந்து தெரிகிறது என்று மூன்றையும் வெட்டி எடுத்தேன். மிஞ்சியது குனிந்த தலை, வெறுங்கழுத்து, நீலத் துணி. நல்ல படம். யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அட்டைகளைக் கிங்ஸ் சர்க்கிளில் நான் எப்போதும் வாங்குகிற கடையில் வாங்கினேன். தந்த நிறம், தடித்த தாள். இரண்டு மாலைகள் உட்கார்ந்து கறுப்பு மையில் எழுதினேன். பதினான்காம் அட்டைக்கு வந்தபோது "கணவர் இல்லாத நிலையில்" என்று முதலில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். ஏதோ மனு எழுதுவதுபோல இருந்தது. பேச்சில் "இல்லை" என்று சொல்லலாம், எழுத்தில் அதற்கு ஒரு மரியாதை வேண்டும் என்று தோன்றியது. என் கணவருக்காகப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தபோது போட்ட சொல் நினைவுக்கு வந்தது. அழித்துவிட்டு எழுதினேன்:

"கணவரின் மறைவுக்குப் பிறகு, நூல் வெட்டும் வேலை செய்து இரண்டு மகள்களைப் படிக்க வைக்கிறார்."

சனிக்கிழமை மாலை கண்காட்சி திறந்தது. தெருவே வந்தது. எல்லோரும் படங்களைப் பார்த்தார்கள். "ஏளா, ஒன் மூக்கப் பாரு, போட்டோல இன்னும் பெருசாத் தெரியுது" என்று ஒருத்தியை இன்னொருத்தி சீண்டினாள். பாயாசம் கொடுத்தார்கள். அட்டைகளை யாரும் படிக்கவில்லை. இளையவர்களுக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்த மூத்தவர்கள் கண்ணாடி எடுத்து வரவில்லை. தையல்காரர் மட்டும் ஓர் அட்டையைத் தடவிப் பார்த்து, "பிரின்ட் மாதிரியே இருக்குக்கா, கை எழுத்துன்னு யாரும் நம்ப மாட்டாவ" என்றார். அந்தப் பாராட்டையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். நூல் வெட்டுகிற பெண் வரவில்லை. சனிக்கிழமை மூட்டை அவசரம். ஞாயிறு முழுவதும் ஜெபக்கூட்டம்.

யாரோ ஒருவர் சுவர் முழுவதையும் போனில் படமெடுத்து, திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். தாராவியில் யாரும் படிக்காத என் எழுத்தை ஊரில் எல்லோரும் படித்தார்கள்.

திங்கட்கிழமை காலை 11.10-க்குத் தையல்காரர் அலுவலகத்துக்கு அழைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, நடந்துகொண்டே பேசுகிறார் என்று தெரிந்தது.

"அக்கா, அந்த நூல் வெட்டுறவ கார்டுல என்ன எழுதியிருக்கிய? ஊர்ல இருந்து காலையில புடிச்சு போன் மேல போன். அவ மாப்பிள செத்துட்டாவன்னு எழுதியிருக்காம்லா! மாமியார்க்காரி தெருவுல விழுந்து அழுதாளாம்."

"செத்துட்டாரில்லையா?" என்றேன்.

"அரே, நல்லா இருக்காவ! மாஹுல் பக்கம் ரிஃபைனரில காண்ட்ராக்ட் வேலைக்குப் போறாவ. காலையிலதான் சாப்பாட்டு டப்பா கட்டிக்கிட்டுப் போனாவ."

எதிரே என் மேசை. மூன்று பேனாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து மற்ற இரண்டோடு சேர்த்து நேராக்கினேன். பிறகு சொன்னேன்:

"நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்?"

அந்தப் பக்கம் காலடி ஓசை நின்றது.

"நானா? நானாக்கா அப்படிச் சொன்னேன்?"

"வீட்டுல ஆம்பளை இல்லைன்னு நீங்கதான் வரும்போது சொன்னேள்" என்றேன். என் குரல் நிதானமாக இருந்தது. அலுவலகத்தில் பிறர் பிழையைச் சுட்டிக்காட்டும்போது வருகிற அதே குரல். அவருக்கு அட்டையைப் படிக்கத் தெரியாது, என் குறிப்பேட்டையும் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் சொன்னேன். தெரியாமல் சொன்னேன் என்று இங்கே எழுதினால் இதை எழுதுவதில் பொருளில்லை.

"இருக்கும்க்கா" என்றார் கடைசியில். "எதையோ நினைச்சு எதையோ சொல்லியிருப்பேன். இப்ப நானும் அவளும் ரிஃபைனரி கேட்டுக்குத்தான் போறோம். உள்ள போன் கொண்டு போகக் கூடாதுல்லா, கேட்டுலயே வாங்கி வச்சிருவானுவ. அவிய குரலக் கேட்டாத்தான் அம்மைக்காரி நம்புவாளாம்."

அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஆட்டோவில் போனேன். அவர்கள் இருவரும் பஸ் மாறி எனக்குப் பிறகு வந்து சேர்ந்தார்கள். கேட்டுக்கு வெளியே நிழல் இல்லை, எண்ணெய் நாற்றம். நூல் வெட்டுகிற பெண்ணின் சேலையில் நீல நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். ஊரில் அவருடைய மாமியார். அவர் குரலுக்குப் பின்னால் இன்னும் பல பெண்களின் குரல்கள்.

"அத்த, அழாதிய. அவிய இருக்காவ. வேலைக்குப் போயிருக்காவ."

"அப்ப போனக் குடு."

"போன் கேட்டுல இருக்கு அத்த. உள்ள கொண்டு போக விட மாட்டாவ."

"எனக்குத் தெரியுமளா. ஒன் மாமனாருக்கும் இப்படித்தான் சொன்னாவ. லேசாக் காய்ச்சல், பயப்படாம வான்னாவ. பஸ்ஸ விட்டு எறங்குறேன், வாசல்ல பந்தல் நிக்கி. எங்கிட்ட மறைக்காதளா. எம் பிள்ள எப்பம் போனான்னு மட்டும் சொல்லு."

நூல் வெட்டுகிற பெண் என்ன சொல்லியும் பயனில்லை. நம்மவர்கள் யாரும் சாவை நேரடியாகச் சொல்வதில்லை. சீரியஸ் என்பார்கள், கிளம்பி வா என்பார்கள். ஆகவே அவர் "இருக்காவ, இருக்காவ" என்று சொல்லச் சொல்ல, அந்த அம்மாவுக்கு மகன் செத்தது உறுதியாகிக்கொண்டே போயிற்று. கையெழுத்தில் அழகாக எழுதித் தொங்கவிட்டிருந்ததை வாயால் சொல்லி மாற்ற முடியவில்லை.

கேட்டில் இருந்த காவலாளியிடம் நான் இந்தியில் பேசினேன். ஆளை வெளியே கூப்பிட வேண்டும் என்றேன். ஷிஃப்ட் முடியும்வரை காண்ட்ராக்ட் ஆட்களை அனுப்ப மாட்டோம் என்றார். மிகவும் அவசரம் என்றேன். அவர் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து, "கர் மே கோயி மர் கயா க்யா?" என்றார். வீட்டில் யாராவது செத்துப்போயிருந்தால்தான் கூப்பிடலாமாம்.

நூல் வெட்டுகிற பெண் முன்னால் வந்தார். உடைந்த இந்தியில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "யாரும் சாகல. அதைச் சொல்லத்தான் கூப்பிடணும்."

காவலாளி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தையல்காரர் தன் வேகமான தாராவி இந்தியில் முழுக் கதையையும் கொட்டினார். ஸ்பீக்கரில் வந்த அழுகை அந்தக் கதைக்குச் சாட்சியாக இருந்தது. காவலாளிக்கும் ஊரில் அம்மா இருந்திருப்பார்போல. உள்ளே யாருக்கோ வாக்கி டாக்கியில் சொன்னார். ஒரு மணி இடைவேளையில் அனுப்புவார்கள் என்றார். அப்போது 12.20. நாற்பது நிமிடங்களும் அந்த அழுகை போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. நூல் வெட்டுகிற பெண் அழைப்பைத் துண்டிக்க மறுத்துவிட்டார். "கட் பண்ணா இன்னும் பயப்படுவாவ" என்றார்.

ஒரு மணி தாண்டி அந்தப் பெண்ணின் கணவர் வந்தார். நீல உடை, மஞ்சள் தொப்பி, உயரமான ஆள். குழந்தைகளுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்து ஓடி வந்தார். மனைவி ஒன்றும் விளக்காமல் வீடியோ அழைப்பைப் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எம்மா" என்றார் அவர். "என்னம்மா?"

"ஏல... நீதானா?"

"நாந்தாம்மா."

"தொப்பிய எடு."

எடுத்தார்.

"கிட்ட வா. பல்லக் காட்டு."

நடுவீதியில் நின்று, ஐம்பது வயதை நெருங்கும் மனிதர், போனுக்கு முன்னால் "ஈ" என்று பல்லைக் காட்டினார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அந்தப் பல்லைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா நம்பினார். மறுபடி அழுதார், ஆனால் இது வேறு அழுகை. பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று கோபம் வந்தது.

"எந்த மூதேவில அதை எழுதுனது?"

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தையல்காரரைப் பார்த்தார். நான் ஒன்றரை அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கழுத்திலிருந்து அலுவலக அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன்.

தையல்காரர் குனிந்து போனிடம் சொன்னார்: "நாந்தான் பெரியம்மா. நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"நீ யாருளா? ஒன் நாக்குல தேளு கொட்ட! ஒனக்குப் பிள்ள இல்லியா? புருசன் இல்லியா? ஒன் புருசனப் போயி எழுதேன் அப்படி!"

"ஆமா பெரியம்மா. தப்புத்தான் பெரியம்மா."

வெகுநேரம் திட்டினார். தையல்காரர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா பெரியம்மா" என்றார். அந்த நேரத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்ல இடம் இருந்தது. ஒவ்வொரு "ஆமா பெரியம்மா"வுக்கும் பிறகு சின்ன இடைவெளி வந்தது. அந்த இடைவெளிகளை நான் கவனித்துக்கொண்டே நின்றேன்.

கடைசியில் மகன்தான் போனை வாங்கி, "விடும்மா, நான் போணும், சாப்பிடல" என்றார். உள்ளே திரும்பும்போது தொப்பியை மாட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தார். "செத்தவனக்கூட ஷிஃப்ட் முடியாம விட மாட்டேங்கானுவ."

பஸ் நிறுத்தத்தில் தையல்காரர் தண்ணீர் வாங்கப் போனார். நானும் நூல் வெட்டுகிற பெண்ணும் தனியாக நின்றோம். அவர் சேலையிலிருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, கார்டுல மறைவுன்னு எழுதியிருக்குன்னு ஊர்ல இருந்து எங்க கொழுந்தன் போன்ல வாசிச்சுக் காட்டுனான்."

"ஆமாம்."

"தண்ணி வாங்கப் போயிருக்காள்ளா, அவளுக்கு அந்த வார்த்த தெரியாதுக்கா. இந்தி ஸ்கூல்ல படிச்சவ. அவ சொல்லியிருந்தா செத்துட்டாவன்னுல்லா சொல்லியிருப்பா."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"எங்கிட்டக் கேட்டிய. நானும் அவிய இல்லன்னேன். வேலைக்குப் போயிருக்காவன்னு முழுசாச் சொல்லியிருக்கணும். மூட்ட அவசரம், வாய் வரல" என்றார். பிறகு, "தோளத் தொட்டிய. எதுக்குத் தொட்டாவன்னு ராத்திரி அவியகிட்டக் கேட்டேன். அந்தக்காவுக்கு நம்ம மேல பிரியம்னாவ" என்றார்.

அதற்குள் தையல்காரர் தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டார். மூடியைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினார். "குடிங்கக்கா. வெயில்ல முகமே வாடிருச்சு." வாங்கிக் குடித்தேன்.

அன்று மாலை படிப்பகத்துக்குப் போய்ப் பதினான்காம் அட்டையைக் கிளிப்பிலிருந்து எடுத்தேன். படத்தையும் எடுக்கப் போனபோது, கூட வந்திருந்த நூல் வெட்டுகிற பெண் வேண்டாம் என்றார். "போட்டோ நல்லாருக்கு, இருக்கட்டும். எழுத்துதான் வேண்டாம்." மீதி நாட்கள் முழுவதும் அந்தப் படத்துக்குக் கீழே மட்டும் அட்டை இல்லாமல் இருந்தது. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் அந்த வரியை எழுதினேன். தவறு நேர்ந்தது. அகற்றப்பட்டது.

அடுத்த ஞாயிறு வரை இடையில் ஐந்து நாட்கள். ஐந்து நாட்களிலும் குறிப்புகள் இருக்கின்றன. ஒன்றிலும் இது இல்லை. ஞாயிறு காலை போனபோது தையல்காரர் மெஷினில் இருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அட்டை விஷயத்துல நீங்க எதுவும் சொல்லலை. நானாத்தான் எழுதினேன். உங்க மேல போட்டுட்டேன்."

மெஷின் நின்றது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"சச்சி? நெசமாவா?" என்றார். "நான் சொல்லவே இல்லியா?"

"இல்லை."

"அப்ப எனக்கு ஞாபகம் இருக்கேக்கா. எப்பம் சொன்னேன், எங்க வச்சுச் சொன்னேன்னு ராவும் பகலுமா யோசிச்சேன். அந்தத் தண்ணிக் குழாய்ப் பக்கத்துல நின்னு சொன்னது மாதிரியே இருக்கு. நீங்க நோட்டுல எழுதுனதுகூடக் கண்ணுல நிக்கி."

நான் சொன்ன பொய்க்கு அவர் தன் மூளைக்குள் இடம் தேடி, குழாய்ப் பக்கத்தில் ஓர் இடம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னுதான அப்படிச் சொன்னிய?" என்றார்.

"ஆமாம்."

அவர் மெஷினுக்கு அடியில் விழுந்திருந்த துணித்துண்டை எடுத்து, இரண்டாக மடித்து, நான்காக மடித்து வைத்தார். பிறகு தன் போனை எடுத்து எண்ணைத் தேடினார். "என்கிட்டச் சொன்னாப் போதாது. என்னை ஏசுன அந்தப் பெரியம்மாட்டச் சொல்லுங்க." ஸ்பீக்கரைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

ஊரில் அந்த அம்மா எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். அட்டையை எழுதியது நான்தான், கேட்காமல் எழுதினேன், அன்று திட்டு வாங்கியவர் மேல் குற்றமில்லை என்று சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் நான் என்ற சொல் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "படிச்ச பிள்ளையா நீ?" என்றார்.

"ஆமாம்மா."

"படிச்சும் ஒரு வார்த்த கேக்கத் தெரியலியே. ஒன் வீட்டுக்காரவ இருக்காவளா? குடு, நான் பேசுதேன். பொண்டாட்டிய இப்படியா விட்டு வச்சிருக்கியன்னு கேக்கணும்."

"அவர் இல்லை" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"வேலைக்குப் போயிருக்காவளா?"

தையல்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்.

"இல்லைம்மா" என்றேன். "செத்துட்டார். மூணு வருஷம் ஆச்சு." அந்தச் சொல்லை நான் என் கணவரைப் பற்றி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடடா என்று அவர் சொல்லவில்லை.

"அப்படிச் சொல்லு" என்றார். "அப்பத்தான வெளங்கும். இப்பம் அந்தப் பிள்ளகிட்டக் குடு. ஒண்ணும் செய்யாதவள அன்னைக்கு ஏசிட்டேம்லா."

போனைத் தையல்காரரிடம் நீட்டினேன். அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார்.